லினக்ஸுக்கு ஒரு வெள்ளோட்டம்: பழைய கணினியும் பழைய எழுத்துருவும்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் இரண்டு கணினிகள் உண்டு. பள்ளி வினாத்தாள், கோவில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பயோடேட்டா என்று நாள் முழுவதும் அவை ஓய்வதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறியபோது அந்தக் கடை திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் இருந்தது. உள்ளே புகுந்த தண்ணீரில் பழைய இயந்திரங்களும், அவற்றோடு வந்த எழுத்துருக் குறுந்தட்டுகளும், உரிம எண் எழுதி வைத்திருந்த காகிதங்களும் போய்விட்டன. பாளையங்கோட்டைக்குக் கடையை மாற்றிய அண்ணாச்சி, ஏதோ ஓர் அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்த இரண்டு கணினிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தார். இரண்டிலும் இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10. வேலைக்கு அவை போதுமானவையாகவே இருந்தன.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்த இயங்குதளம் அது. பத்தாண்டு ஆதரவு என்பது குறைவான காலமும் இல்லை. அடுத்து வந்த விண்டோஸ் 11, 2021 அக்டோபரிலிருந்தே கிடைக்கிறது. சிக்கல் என்னவென்றால், பழைய கணினிகளில் ஏற அது மறுக்கிறது. இன்டெல் செயலி என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதோடு, மறைகுறியாக்கச் சாவிகளைத் தனியே பூட்டி வைக்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆகவே 2016, 2017 வாக்கில் வாங்கிய கணினி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தாலும், அதிகாரப்பூர்வ வழியில் அதற்கு மேலே போக இடமில்லை. திருத்தம் நின்ற மறுநாளே கணினி நின்றுவிடாது. எப்போதும் போலவே ஓடும். ஆனால் அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் அடைபடாமலே இருக்கும். வங்கிக் கணக்கைத் திறக்கும், ஆதார் நகலை ஸ்கேன் செய்யும் கணினிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் காட்டிய வழிகள் இரண்டு: தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டித்துத் தரும் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொள்வது, அல்லது புதுக் கணினி வாங்குவது. மூன்றாவதாக ஒரு வழியை நம் ஊர்க் கணினி பழுதுபார்ப்பவர்கள் தாமாகவே வைத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ இறக்கிய விண்டோஸை ஏற்றி, வைரஸ் தடுப்பு நிரலை அணைத்துவிட்டு, ‘ஆக்டிவேட்டர்’ என்ற ஒன்றை ஓட்டி, உரிமம் உள்ளதுபோல் காட்டிவிடுவார்கள். இந்த வழக்கத்தைப் பற்றி நான் ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, அதே கணினியில் ஊராரின் ஆதாரையும் பான் அட்டையையும் திறப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம். வெள்ளத்துக்குப் பிறகு அண்ணாச்சியின் கணினிகளிலும் இப்படித்தான் செய்து கொடுத்திருந்தார்கள். அது அவருக்கே தெரியாது.

நான்காவது வழியாக, விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸை நான் சொன்னபோது அவர் யோசித்துவிட்டுச் சொன்னது இது: “ரெண்டு வாரம் பாக்கேன் தம்பி. சரிப்பட்டு வரலன்னா பழசையே போட்டுத் தந்துரணும்.” புதுத் தேரை வடம்பிடிக்கும் முன்னால் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பதுபோன்ற நியாயமான நிபந்தனைதான் அது. அந்த வெள்ளோட்டத்தில் எது ஓடியது, எது மாட்டியது, ஏன் மாட்டியது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லினக்ஸ் என்று பொதுவாக நாம் சொல்வது இரண்டு முயற்சிகள் கூடிவந்ததன் விளைவு. முதலாவது, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டம். அதற்கு அவரைத் தூண்டிய அனுபவங்களில் ஒன்று, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எவருக்கும் உடனே விளங்கும். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் தாள் சிக்கிக்கொண்டால், வேறு மாடியில் காத்திருப்பவருக்குத் தகவல் போகும்படி நிரலில் ஒரு சிறு மாற்றம் செய்ய ஸ்டால்மன் விரும்பினார். பழைய அச்சுப்பொறிக்கு அப்படித்தான் செய்திருந்தார். புதியதற்கோ மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். தன் கையில் இருக்கும் இயந்திரத்தைத் தானே திருத்திக்கொள்ள முடியாத நிலை தவறானது என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியது. பயன்படுத்தவும், படித்துத் திருத்தவும், பகிரவும், திருத்தியதைப் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்களை உருவாக்குவதே குனூவின் வேலையாயிற்று. இரண்டாவது முயற்சி, ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில், தம் 21ஆம் வயதில் அறிவித்த லினக்ஸ் கருநிரல். செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றை ஆளும் அடிப்படைப் பகுதி அது. இந்த இரண்டோடு ஆயிரக்கணக்கானோரின் உழைப்பும் சேர்ந்து, நிறுவிப் பயன்படுத்தத்தக்க முழு வடிவம் பெறும்போது அதை வழங்கல் என்கிறோம். 1993இல் டெபியன், அதன்மேல் கட்டப்பட்டு 2004இல் உபுண்டு, அதன்மேல் கட்டப்பட்டு 2006இல் லினக்ஸ் மின்ட் என்று கிளை பிரிந்து வந்திருக்கிறது. நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு தொலைபேசிக்குள்ளும் லினக்ஸ் கருநிரலே ஓடுகிறது. உலகின் அதிவேக 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸ்தான். மேசைக் கணினியில் மட்டுமே அது சிறுபான்மை: ஸ்டாட்கவுன்டர் கணக்கின்படி 2024 பிப்ரவரியில்தான் உலக அளவில் 4 விழுக்காட்டைத் தாண்டியது.

ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இருப்பதால், இந்த இயக்கத்தார் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. கட்டற்ற மென்பொருள் என்ற சொல்லில் கட்டு இல்லை என்பதே பொருள். காசு பற்றிய பேச்சு அதில் கிடையாது. எனினும் தமிழ்நாட்டில் பலருக்கு லினக்ஸ் முதன்முதலில் வந்து சேர்ந்தது ‘விலையில்லா’ என்ற சொல்லோடுதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் தரப்பட்டவற்றில், விண்டோஸோடு பாஸ் என்னும் இந்திய லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்ட வழங்கல் அது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு அதில் இடம் இருந்தது. கணினியைத் தொடக்கியதும் இரண்டில் எது வேண்டும் என்று திரை கேட்கும். மானூர், முக்கூடல், வீரவநல்லூர் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கேள்வியையே காணோம். இடம் போதவில்லை என்று யாரோ பாஸை அழித்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கையில் கொடுத்தவர்கள் அது எதற்கு என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பாடப்புத்தகத்தில் அது இல்லை. தேர்வில் அது இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்ல ஆளும் இல்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு இறங்கினால் நிலைமை வேறு. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாகப் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடநூலையும் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையும் அதிலேயே அமைத்தது. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மென்பொருள்தான். ஒரு பக்கம் அது பாடமாக வந்தது, இன்னொரு பக்கம் வட்டின் ஓரத்தில் கிடந்தது. வெள்ளோட்டம் விடுபவர் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் கேள்வி கேட்க ஒருவர் கிடைப்பாரா என்பது, எந்த வழங்கலைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிட முக்கியமானது.

அண்ணாச்சியின் கணினிக்கு லினக்ஸ் மின்ட் 22ஐத் தேர்ந்தெடுத்தேன். 2024 ஜூலையில் வெளிவந்த இதற்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியாது. 4 ஜிபி நினைவகம் என்பதால், தோற்றத்தில் எளிமையும் சுமையில் குறைவும் கொண்ட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்துக்கொண்டேன். சுமார் 3 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பாக அது இறங்கும். இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, தளத்தில் தரப்பட்டுள்ள ஷா-256 சரிபார்ப்பு எண்ணோடு நம் கோப்பின் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது. இதை வீண் சடங்கு என்று நினைக்கக் கூடாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்த ஒருவர், பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த போலிக் கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்.

பிறகு அந்தக் கோப்பை ரூஃபஸ், எட்சர் போன்ற ஒரு கருவியால் பென்டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்தால் அதிலிருந்து கணினி தொடங்காது. பென்டிரைவைச் செருகி, கணினி எழும்போதே எஃப்12 விசையை (சில நிறுவனக் கணினிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப்) அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தால் ஓரிரு நிமிடத்தில் முழு லினக்ஸ் திரையும் எழுந்து வரும். வட்டில் இருக்கும் விண்டோஸ் தொடப்படாமல் அப்படியே இருக்கும். பென்டிரைவைக் கழற்றி மறுதொடக்கம் செய்தால் பழைய கணினி பழையபடியே. பணம் கொடுக்காமல், எதையும் அழிக்காமல் ஓர் இயங்குதளத்தை முழுதாக ஓட்டிப் பார்க்கக் கிடைக்கும் இந்த வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது திரையின் அழகை இல்லை. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, அச்சுப்பொறியைச் செருகினால் தெரிகிறதா, ஸ்கேனர் எழுகிறதா, நாள்தோறும் திறக்கும் இணையதளங்கள் திறக்கின்றனவா என்று வேலையோடு தொடர்புடையவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வேகம் பற்றி மிகையாகச் சொல்பவர்கள் உண்டு. லினக்ஸ் போட்டதும் பழைய கணினி பறக்கிறது என்பார்கள். விசாரித்தால் அதே நாளில் சுழலும் வட்டை எடுத்துவிட்டு, சுழலாத, வேகமான எஸ்எஸ்டி வட்டைப் பொருத்தியிருப்பார்கள். பறந்ததற்குப் பெரிய காரணம் எஸ்எஸ்டிதான். இயங்குதளம் தானே விழுங்கும் நினைவகம் எக்ஸ்எஃப்சிஇயில் குறைவு என்பது உண்மை. ஆனால் உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தால், அவை இங்கும் அங்கும் ஏறக்குறைய ஒரே அளவு நினைவகத்தைத்தான் கேட்கும். 4 ஜிபி உள்ள கணினிக்கு முடிந்தால் இன்னொரு 4 ஜிபி போடுங்கள் என்று இரு இயங்குதளத்தாருக்கும் ஒரே ஆலோசனையைத்தான் சொல்லுவேன்.

கடைக்கு முதல் நாளிலேயே கண்கூடாகக் கிடைத்த பலன் வேறு. ஜெராக்ஸ் கடைக்கு ஒரு நாளில் வரும் பென்டிரைவ்கள் எத்தனையோ. அவற்றில் பாதி ஏதாவது ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செருகப்பட்டு வந்தவை. உள்ளே இருக்கும் கோப்புறைகளை எல்லாம் மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிச் சுட்டிகளை வைக்கும் ‘ஷார்ட்கட் வைரஸ்’ நம் பக்கம் அறியாதவர் இல்லை. ப்ராஜெக்ட் அறிக்கை அழிந்துபோயிற்று என்று கண் கலங்கி நிற்கும் மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன். அதே பென்டிரைவை லினக்ஸில் செருகியபோது, மறைக்கப்பட்ட கோப்புறைகள் தம் இடத்தில் சாதாரணமாகத் தெரிந்தன. போலிச் சுட்டிகள் செயலற்ற சிறு கோப்புகளாகப் பக்கத்தில் கிடந்தன. விண்டோஸுக்கென எழுதிய நிரல் இங்கே தானாக ஓடாது என்பதும், கணினியின் அடிப்படைப் பகுதியைத் தொடக் கடவுச்சொல் கேட்கும் என்பதும் இதற்குக் காரணங்கள். இதனால் லினக்ஸுக்கு ஆபத்தே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2024 மார்ச்சில், பல வழங்கல்களில் இடம்பெறும் எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருளில் ஒருவர் திட்டமிட்டு வைத்திருந்த பின்கதவு வெளிப்பட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் காரணத்தைத் தேடிப் போனபோது அது பிடிபட்டது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தேட முடிந்தது. ஆயினும் பார்க்க ஒரு கண் இருந்ததால் கிடைத்த பாதுகாப்பு அது. திருத்தங்களை அவ்வப்போது ஏற்றிக்கொள்ளும் கடமை எந்த இயங்குதளத்திலும் தீர்வதில்லை.

இனி தமிழுக்கு வருகிறேன். இந்த வெள்ளோட்டத்தில் தேர் நிலைகுத்தி நின்ற இடம் இதுதான். தட்டச்சில் குறை ஒன்றுமில்லை. விசைப்பலகைப் பட்டியலிலேயே தமிழ்நெட் 99 என்ற பெயரில் தமிழ்99 தெரியும். அதைத் தேர்ந்துவிட்டு, சரியாக வரவில்லையே என்று பலர் கைவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற எளிய ஏற்பாடு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99இன் உயிரே, கவை இருமுறை அடித்தால் க்க என்றும், ஙவை அடுத்துக் கவை அடித்தால் ங்க என்றும் புள்ளி தானாக விழும் விதியில் இருக்கிறது. அது வேண்டுமானால் ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியையும், அதற்கான எம்17என் தொகுப்பையும் மென்பொருள் மேலாளரிலிருந்து நிறுவிக்கொள்ள வேண்டும். அதில் தமிழ்99, பழைய தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு முறை மூன்றும் வருகின்றன. கடையில் தட்டச்சு செய்யும் அக்கா, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் முடித்தவர். பழைய தட்டச்சு முறையை வைத்துக் கொடுத்ததும் அரை மணி நேரத்தில் ஒரு வினாத்தாளை அடித்து முடித்தார்.

மாட்டியது, ஏற்கெனவே அடித்து வைத்திருந்தவற்றில். கடையின் பென்டிரைவில் பத்தாண்டுக் கோப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்றைத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குப்பையாக நின்றன. லினக்ஸ் தமிழைக் கெடுத்துவிட்டது என்று அண்ணாச்சி நினைத்தார்; அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நடந்தது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன்னால் வந்த பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள், கணினியை ஏமாற்றித் தமிழைக் காட்டியவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு ஜேவுக்குரிய கட்டத்தில் தவையும், கேவுக்குரிய கட்டத்தில் மவையும் வரைந்து வைத்திருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் மூடுதிரை விலகி உள்ளே இருப்பது தெரிந்துவிடுகிறது. விண்டோஸிலும் இதே கோப்பு வேறு கணினிக்குப் போனால் இதே குப்பைதான் தெரியும். எழுத்துரு உள்ள கணினியிலேயே திறந்து பழகியதால் அது இத்தனை நாள் தெரியவில்லை.

எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து, அதைத் திறந்து, நிறுவு என்ற பொத்தானை அழுத்தியதும், வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸில் தமிழ் மீண்டும் தெரிந்தது. ஆனாலும் புதிதாக ஒரு வரியைப் பாமினியில் அடித்தபோது, ‘தமிழ்’ என்று தொடங்கிய வாக்கியம் ‘துமிழ்’ என்று மாறி நின்றது. வாக்கியத்தின் முதல் எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாக மாற்றும் தானியங்கித் திருத்தம் அங்கே வேலை செய்திருக்கிறது; பாமினியில் பெரிய ஜே இருக்கும் கட்டத்தில் து உட்கார்ந்திருக்கிறது. திருத்தத்தை அணைத்ததும் சரியாயிற்று. இந்த ஒரு தவறான எழுத்து எனக்கு முழுக் கதையையும் விளக்கிவிட்டது. நாம் விண்டோஸில் கட்டுண்டு கிடப்பதாக நினைக்கிறோம். கட்டின் முடிச்சோ விண்டோஸில் இல்லை. நம் எழுத்தை நாமே கணினிக்குத் தமிழாகத் தராமல், இருபது முப்பது ஆண்டுகள் வேறு வேடத்தில் தந்து சேர்த்து வைத்ததில் இருக்கிறது. தேட முடியாத, அகர வரிசைப்படுத்த முடியாத, எழுத்துரு தொலைந்தால் தானும் தொலையும் தமிழ் அது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடமுண்டு. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அப்படியிருந்தும் இன்றும் எங்கள் ஊர்ப் பள்ளிகள் பலவற்றிலிருந்து வரும் வினாத்தாள் பழைய எழுத்துருவில்தான் வருகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் மிகுகிறது. வெள்ளத்தில் எழுத்துருத் தட்டு போனபோது அண்ணாச்சி இழக்கவிருந்தது ஒரு தட்டை மட்டுமில்லை, பத்தாண்டு உழைப்பை.

ஆகவே பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதை இயங்குதள மாற்றத்துக்கு முந்தைய வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஒரே எழுத்துருவில் அடித்த வினாத்தாள் நொடியில் மாறிவிடும். கல்யாணப் பத்திரிகை அப்படி மாறாது. தலைப்புக்கு ஒன்று, பெயர்களுக்கு ஒன்று, இடையே உண்மையான ஆங்கிலம் என்று கலந்திருப்பதால், எது தமிழ் வேடமிட்ட ஆங்கிலம், எது ஆங்கிலமே என்று கருவிக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே பிரிக்க வேண்டும்.

மற்ற மென்பொருள்களைப் பொறுத்தவரை நிலைமை துறைக்குத் துறை வேறு. கடிதம், வினாத்தாள், பட்டியல், மின்னஞ்சல், இணையப் படிவம் ஆகியவற்றோடு முடியும் வேலைக்கு லிப்ரே ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் போதும். வேர்டில் செய்த சிக்கலான அட்டவணைகள் லிப்ரே ஆபீஸில் வரி தள்ளி நிற்பதுண்டு. அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் பெருமளவு தீரும். பேஜ்மேக்கரிலும் கோரல் டிராவிலும் பல ஆண்டு வடிவமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் அச்சகத்தாரிடம் இடம் மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது; ஆனால் கொம்பும் காலும் சரியாக இணையும் ஒருங்குறித் தமிழ் அதன் நிலையான பதிப்பில் வந்ததே 2024 ஜனவரியில் வெளியான 1.6 முதல்தான். புது வேலையை அதில் தொடங்கலாம். பழைய கோப்புகளை அது அப்படியே திறந்து தராது. டாலியில் கணக்கு எழுதுபவருக்கு விண்டோஸ் வேண்டும். கைரேகைக் கருவியோடு இ-சேவை வேலை செய்பவர், தம் கருவிக்கு லினக்ஸ் இயக்கி (டிரைவர்) உண்டா என்று கருவியை விற்றவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளும் வரை எதையும் தொடக் கூடாது. வைன் என்ற இடைநிலை மென்பொருள் விண்டோஸ் நிரல்கள் சிலவற்றை லினக்ஸில் ஓட்டும். வீட்டில் ஆசைக்குப் பார்க்கலாம், பிழைப்பை அதன்மேல் வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

அச்சுப்பொறியும் இப்படிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டிய ஒன்றுதான். எச்பியின் அச்சுப்பொறிகளுக்கு அந்நிறுவனமே எச்பிலிப் என்னும் இயக்கித் தொகுப்பைத் தருகிறது. எப்சனின் மைத்தொட்டி வகைகளுக்கும் இயக்கி கிடைக்கிறது. அண்மையில் வந்த பிணைய அச்சுப்பொறிகள் பல, இயக்கியே இல்லாமல் எழுகின்றன. மலிவு விலைப் பழைய லேசர் அச்சுப்பொறிகளில் மட்டும் சங்கடம். பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைத் தாமே செய்யாமல் கணினியின் தலையில் கட்டும் வகை அவை. அந்த வேலையைச் செய்யும் நிரலை நிறுவனம் விண்டோஸுக்கு மட்டும் எழுதியிருந்தால், லினக்ஸில் பெட்டி சும்மா நிற்கும். கடையின் இரண்டு அச்சுப்பொறிகளில் ஒன்று செருகிய உடனே ஓடியது. மற்றதோடு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போராடி, கடைசியில் அதை விண்டோஸ் கணினியோடே விட்டுவிட்டேன்.

வட்டில் நிரந்தரமாக நிறுவுவது என்று முடிவானால், முதலில் கோப்புகள் அனைத்தும் வெளி வட்டு ஒன்றில் நகலாக இருக்க வேண்டும். வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிறுவும் திரை, வட்டை முழுதும் அழித்து நிறுவவா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா என்று கேட்கும். சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பா வீட்டுக் கணினியில் அந்தத் திரையைப் படிக்காமல் தொடர் என்பதை அழுத்தி, தங்கை கல்யாணப் புகைப்படங்களை இழந்தவன் நான். அன்று சித்தி எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனது இன்றும் மறக்கவில்லை. நகல் எடுத்த வட்டை வேறு கணினியில் திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்று பார்க்காமல் இப்போது நான் எந்தக் கணினியிலும் கைவைப்பதில்லை. விண்டோஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்பவர்கள் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். வட்டை மறைகுறியாக்கும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வட்டின் அமைப்பு மாறியதும் அது சாவி கேட்கக்கூடும். விண்டோஸின் விரைவுத் தொடக்கத்தை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், அதன் வட்டுப் பகுதியில் லினக்ஸால் படிக்க முடியுமே தவிர எழுத முடியாது. நிறுவி முடித்தபின் டைம்ஷிப்ட் என்ற கருவியில் அன்றைய நிலையைப் பதிந்து வைத்தால், பின்னால் ஒரு திருத்தம் எதையாவது கெடுத்தாலும் அந்நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது காப்பது கணினியின் அமைப்பை. உங்கள் புகைப்படங்களுக்குத் தனி நகல் எப்போதும் வேண்டும்.

இரண்டு வாரக் கெடு முடிந்த அன்று அண்ணாச்சி பழசைப் போட்டுத் தரச் சொல்லவில்லை. முழுதும் மாறிவிடவும் இல்லை. முன்னால் இருக்கும் கணினியில் இப்போது லினக்ஸ் ஓடுகிறது; வாடிக்கையாளர் பென்டிரைவ்கள் அதில் மட்டுமே செருகப்படுகின்றன, ஆதாரும் பான் அட்டையும் அதில் மட்டுமே திறக்கப்படுகின்றன. உள்ளே இருக்கும் கணினியில் விண்டோஸ் 10 அப்படியே இருக்கிறது. இணைய வயரைப் பிடுங்கிவிட்டோம். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளும், பிடிவாதம் பிடித்த அந்த லேசர் அச்சுப்பொறியும் அதன் பொறுப்பில். சாயங்காலம் கூட்டம் குறையும் நேரத்தில் அக்கா பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒருங்குறிக்கு மாற்றி வைக்கிறார். வினாத்தாள்கள் முடிந்துவிட்டன, கொடை நோட்டீஸ்கள் பாதி ஆகியிருக்கின்றன, கல்யாணப் பத்திரிகைகளை இன்னும் தொடவில்லை.